அறுவடை விழாப் பெயர்களும் மொழிபெயர்ப்பும்: விக்கா நெறியின் பருவ வட்டம் குறித்து ஒரு மதிப்பீடு

1. முன்னுரை

மொழிபெயர்ப்பாளர் எதிர்கொள்ளும் சொற்களுள் விழாப்பெயர்கள் தனித்தன்மை உடையவை. ஒரு விழாப்பெயர் நாளொன்றைச் சுட்டுகிறது. அந்நாளில் நிகழும் செயலைச் சுட்டுகிறது. அச்செயலின் வரலாற்றையும் உடன்கொண்டு வருகிறது. இம்மூன்றுள் ஒன்றை மட்டும் ஏற்று மற்ற இரண்டையும் கைவிடும் மொழிபெயர்ப்பு குறையுடையது. இல்லாத வரலாற்றை இருப்பதாகத் தோன்றச் செய்யும் மொழிபெயர்ப்போ பிழையுடையது. குறையைக் குறிப்புரையால் நிரப்பிவிடலாம். பிழை அவ்வாறு எளிதில் நீங்குவதன்று. படிப்பவர் அதனைச் செய்தியாகவே ஏற்றுக்கொள்கிறார்.

இவ்வேறுபாட்டை விளக்குவதற்கு ஏற்ற களமாக விக்கா நெறியின் அறுவடை விழாக்கள் அமைகின்றன. பிரிட்டனில் ஜெரால்டு கார்ட்னர் (1884 - 1964) என்பவரால் 1950களில் பொதுமக்கள் அறிய வெளிப்படுத்தப்பட்ட மந்திரச் சடங்கு நெறி இது. தீக்கை பெற்றோர் சிறு குழுக்களாகக் கூடி வட்டமிட்டு வழிபடுவது இதன் அடிப்படை அமைப்பாகும். ஆங்கில நாவல், திரைப்படம், கலைக்களஞ்சியம் ஆகியவற்றைத் தமிழாக்குவோர் இந்நெறியின் சொற்களை எதிர்கொள்ளாமல் இருக்க இயலாது. இச்சொற்களின் வரலாற்று அடுக்குகளைப் பிரித்துக்காட்டி, அவற்றைத் தமிழில் தருவதற்குரிய நெறிமுறைகளை வரையறுக்க இக்கட்டுரை முற்படுகிறது.

2. எண்விழா வட்டம்

விக்கா நெறியினரின் ஆண்டு எட்டு விழாக்களால் ஆனது. கதிர்த்திருப்ப நாள்கள் இரண்டு, சமபகலிரவு நாள்கள் இரண்டு, இவற்றுக்கு இடைப்பட்ட நாள்கள் நான்கு எனச் சமச்சீராக இவை அமைகின்றன. இவற்றுள் மூன்று அறுவடைக்கு உரியன. ஆகஸ்ட் முதல்நாளை ஒட்டி வரும் லாமஸ் அல்லது லூனஸா முதல் அறுவடையாகிய தானியத்திற்கு உரியது. செப்டம்பர் சமபகலிரவு நாளாகிய மேபன் இரண்டாம் அறுவடையாகிய கனிகளுக்கு உரியது. அக்டோபர் 31 இரவில் தொடங்கும் சௌன் இறுதி அறுவடைக்கும் இறந்தோர் நினைவுக்கும் உரியது.

சடங்கின் பொது வடிவம் எளிமையானது. வட்டம் வரையப்படும், நான்கு திசைகளும் விளிக்கப்படும், இறைவியும் இறைவனும் அழைக்கப்படுவர். முதல் அறுவடையில் புதிய மாவினால் சுட்ட ரொட்டி பகிரப்படுகிறது. ஒரு பகுதி மண்ணுக்கு அளிக்கப்படுகிறது. கதிர் அறுபடுவதை இறைவனின் தன்னீகையாகக் காண்பது பலரிடையே வழங்கும் விளக்கமாகும். வயலும் அரிவாளும் இல்லாத நகரவாசிகளே இன்று பெரும்பாலும் இவ்விழாக்களைக் கொண்டாடுகின்றனர் என்பதும் நோக்கத்தக்கது.

இந்நெறியின் கையேடுகளில் எட்டு விழாக்களும் ஒரே வட்டப்படத்தில் எட்டு ஆரங்களாக வரையப்பட்டிருப்பதைக் காணலாம். அவ்வட்டப்படமே ஒரு வாதம் எனல் வேண்டும். எட்டுப் பெயர்களும் ஒரே காலத்தவை, ஒரே மரபின என்று சொல்லாமலே அது சொல்லிவிடுகிறது. எட்டு விழாக்களையும் ஒருசேரக் கொண்டாடிய பண்டைச் சமுதாயம் எதற்கும் சான்று இல்லை என்பது ரொனால்டு ஹட்டன் (1996) போன்ற வரலாற்றறிஞர்களின் முடிபு. கார்ட்னரின் சடங்கு ஏட்டில் ‘ஆகஸ்ட் மாலை’, ‘நவம்பர் மாலை’ எனப் பொருள்படும் வெறும் நாட்பெயர்களே காணப்படுகின்றன. கதிர்த்திருப்ப நாள்களும் சமபகலிரவு நாள்களும் 1950களின் பிற்பகுதியிலேயே நான்கு பெருவிழாக்களோடு ஒத்த நிலையைப் பெற்றன. பழமையான பெயர்கள் அதன் பின்னரே படிப்படியாக நிலைபெற்றன. அதாவது, காலத்தால் பிந்திய பெயரே தோற்றத்தால் முந்தியதாக விளங்குகிறது. இம்முரணே மொழிபெயர்ப்பாளர் மனத்திற்கொள்ள வேண்டிய முதற்செய்தியாகும்.

3. பெயர்களும் வரலாறும்

3.1 லாமஸ்

பழைய ஆங்கிலத்தில் ‘ஹ்லாஃப்மேஸ்ஸெ’ என்பது இதன் வடிவம். ‘ஹ்லாஃப்’ என்பது ரொட்டி. ‘மேஸ்ஸெ’ என்பது கிறித்தவத் திருப்பலி. புதிய கோதுமையில் சுட்ட ரொட்டியைக் கோயிலுக்குக் கொண்டுசென்று மந்திரிக்கும் நாளாக இது அமைந்தது. ஃபகரமெய் அடுத்துவரும் மகரமெய்யோடு ஓரினமாகி ‘ஹ்லம்மேஸ்ஸெ’ எனவும், சொன்முதல் ஹகரம் கெட்டு ‘லாமஸ்’ எனவும் திரிந்தது. ‘ஹ்லாஃப்’ என்னும் முதனிலை மறைந்தபின், ஆட்டுக்குட்டியைக் குறிக்கும் ‘லாம்ப்’ என்பதோடு தொடர்புபடுத்தும் மக்கட் சொற்பிறப்பு விளக்கமும் தோன்றியது. இதே ‘ஹ்லாஃப்’, தலைவன், தலைவி எனப் பொருள்படும் ‘லார்டு’, ‘லேடி’ ஆகிய ஆங்கிலச் சொற்களிலும் உறைந்துள்ளது; முன்னது ரொட்டியைக் காப்பவன் என்றும், பின்னது ரொட்டி பிசைபவள் என்றும் பொருள்பட்ட தொகைச்சொற்களாகும்.

ஆகவே லாமஸ் என்பது திருச்சபையின் நாட்காட்டிச் சொல். ஸ்காட்லாந்தில் குத்தகைக் கணக்கு முடிக்கும் காலாண்டு நாள்களுள் ஒன்றாகவும் அது வழங்கியது. கிறித்தவத்திற்கு முற்பட்ட நெறியை மீட்பதாகக் கூறிய ஓர் இயக்கம் தன் முதல் அறுவடை விழாவுக்குத் திருப்பலியின் பெயரையே ஏற்றிருக்கிறது. தமிழ் மொழிபெயர்ப்பு இச்செய்தியை மறைத்துவிடலாகாது.

3.2 லூனஸா

பழைய ஐரிஷ் மொழியில் ‘லுக்’ என்னும் தெய்வத்தின் பெயரும், கூட்டம் எனப் பொருள்படும் ‘நாசத்’ என்பதும் சேர்ந்து அமைந்த சொல் இது. லுக் தன் வளர்ப்புத்தாய் டல்டியுவின் நினைவாக இக்கூட்டத்தை ஏற்படுத்தினான் என்பது இடைக்கால ஐரிஷ் நூல்கள் தரும் கதை. மற்ற மூன்றினும் இவ்விழாவுக்கே வாழும் வழக்குச் சான்று மிகுதி. மோய்ரா மக்நீல் 1962இல் வெளியிட்ட பெருநூல், ஜூலை இறுதி ஞாயிறு, ஆகஸ்ட் முதல் ஞாயிறு ஆகியவற்றில் ஐரிஷ் மக்கள் மலையேறியதையும், காட்டுப் பழம் பறித்ததையும், அவ்வாண்டின் முதல் உருளைக்கிழங்கைத் தோண்டி உண்டதையும் தொகுத்துத் தருகிறது. உருளைக்கிழங்கு அயர்லாந்துக்கு வந்ததோ புத்துலகத் தொடர்பு ஏற்பட்ட பின்னரே. வழக்கு வாழ்ந்தது, பயிர் மாறியது. மரபு என்பது இவ்வாறு இயங்குவதே என்பதற்கு இது நல்ல சான்று. இன்றைய ஐரிஷ் மொழியில் ‘லூனஸா’ என்பது ஆகஸ்ட் மாதத்தின் பெயராகவே வழங்குகிறது.

ஒலிபெயர்ப்புச் சிக்கல் இங்குத்தான் எழுகிறது. கையேடுகள் எழுத்துச் சீர்திருத்தத்திற்கு முற்பட்ட நீண்ட வரிவடிவத்தையே பயன்படுத்துகின்றன. ஐரிஷ் மொழியில் மெய்யெழுத்தை அடுத்துவரும் ஹகர எழுத்து, அம்மெய் மென்மையுற்று உரசொலியாக மாறியதையோ முற்றும் மறைந்ததையோ காட்டும் குறி மட்டுமே. இதனை அறியாது ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பெயர்த்தால் ‘லுக்னசாத்’ என்னும் வடிவம் பிறக்கிறது. இது இன்றைய ஐரிஷ் ஒலிப்பும் அன்று. விக்கா நெறியினரின் ஒலிப்பும் அன்று. வரிவடிவத்தின் நிழல் மட்டுமே. ‘சௌன்’ என்பதைச் ‘சம்ஹைன்’ என எழுதுவதும் இவ்வகைப் பிழையே.

3.3 மேபன்

செப்டம்பர் விழாவுக்கு வழங்கும் இப்பெயரின் பிறந்த ஆண்டு நமக்குத் தெரியும். அமெரிக்காவைச் சேர்ந்த ஏடன் கெல்லி என்பவர் 1974இல் விழா அட்டவணை ஒன்றை அமைத்தபோது இப்பெயரைத் தெரிந்தெடுத்தார். இதனை அவரே வெளிப்படையாகக் கூறியுள்ளார். இளவேனில், கோடை விழாக்களுக்கு அவர் தெரிந்த பெயர்களுக்கு எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த பீடு என்னும் துறவியின் நூலில் ஆதாரம் இருந்தது. இலையுதிர்கால விழாவுக்கு அவ்வாறு பொருந்தும் பெயர் கிட்டவில்லை. எனவே வெல்ஷ் கதையொன்றில் வரும் மபோன் என்னும் மாந்தனின் பெயரை ஏற்றார். பிறந்த மூன்றாம் இரவில் தாயிடமிருந்து கவரப்பட்டுச் சிறையிருந்து, ஆர்தரின் வீரர்களால் மீட்கப்பட்டவன் அவன். கிரேக்கத் தானிய இறைவியின் மகள் கீழுலகத்திற்குக் கவரப்பட்ட கதையோடு இஃது ஒத்திருந்ததே தெரிவுக்குக் காரணம். வெல்ஷ் கதையில் அறுவடை பற்றியோ சமபகலிரவு பற்றியோ குறிப்பு இல்லை. ஃபாரர் இணையர் 1981இல் வெளியிட்ட புகழ்பெற்ற விழா நூலும் இவ்விழாவை இலையுதிர்காலச் சமபகலிரவு என்றே குறிக்கிறது.

புதிய பெயர் என்பதனால் விழா பொய்யாகிவிடாது. பெயரிடும் உரிமை எல்லாச் சமயங்களுக்கும் உண்டு. பெயரிட்டவர் எதனையும் மறைக்கவில்லை. மறைப்பவை பிற்காலக் கையேடுகளே. ‘பண்டைக் கெல்தியர் மேபன் விழாவைக் கொண்டாடினர்’ என்னும் தொடரைத் தமிழாக்குபவர் அக்கூற்றைத் திருத்தும் உரிமை உடையவர் அல்லர். ஆனால் அடிக்குறிப்பு இடும் கடமை உடையவர்.

3.4 சௌன்

அக்டோபர் இறுதி இரவையும் நவம்பர் முதல்நாளையும் குறிக்கும் இச்சொல் பழைய ஐரிஷ் இலக்கியத்தில் பெருவழக்காக உள்ளது. இன்றைய ஐரிஷில் நவம்பர் மாதத்தின் பெயரும் இதுவே. ஆனால் பழைய வழக்கில் இது மந்தைகள் மலைமேய்ச்சலிலிருந்து இறங்கும் காலம், குளிர்காலத் தொடக்கம். கதிர் அறுவடை அதற்கு முன்பே முடிந்துவிடும். ‘மூன்றாம் அறுவடை’ என எண்ணிட்டு வரிசைப்படுத்துவது மேய்ச்சல் வாழ்க்கையின் நாளொன்றை உழவு வாழ்க்கையின் அட்டவணைக்குள் கொணர்ந்த பிற்கால ஒழுங்கமைப்பாகும்.

4. ‘கார்ன்’ தரும் இடர்ப்பாடு

மொழிபெயர்ப்புப் பயிற்சி வகுப்பொன்றில் இவ்விழா பற்றிய ஆங்கிலப் பத்தியொன்றை இக்கட்டுரையாளர் அளித்தபோது, ஏறத்தாழ அனைவருமே ‘கார்ன்’ என்னும் சொல்லுக்கு ‘மக்காச்சோளம்’ என்றே எழுதினர். அகராதி அவர்களைக் கைவிட்டது எனல் வேண்டும். பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் ‘கார்ன்’ என்பது தானியப் பொதுப்பெயர். அவ்வவ்விடத்து முதன்மைப் பயிரைச் சிறப்பாகச் சுட்டும் இயல்பும் அதற்கு உண்டு. இங்கிலாந்தில் கோதுமை, ஸ்காட்லாந்தில் ஓட்ஸ், வட அமெரிக்காவில் மக்காச்சோளம் எனப் பொருள் வேறுபடும். ஐரோப்பியர் மக்காச்சோளத்தை அறிந்ததே பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியில்தான். எனவே இச்சொற்பிழை ஒருவகைக் காலப்பிழையாகவும் ஆகிறது. இருப்பினும், அமெரிக்க விக்கா குழுக்கள் மக்காச்சோளக் கதிரையே பீடத்தில் வைப்பதுண்டு. ஆகவே ஆசிரியர் எந்நாட்டவர் என்பதை அறியாமல் இச்சொல்லை மொழிபெயர்க்க இயலாது.

இதற்குத் தமிழில் ‘கதிர்’ என்னும் சொல் பெரிதும் உதவும். நெல், சோளம், கம்பு என எல்லாப் பயிருக்கும் அது பொது. இறுதியாக அறுத்த தாளை முடைந்து செய்யும் உருவத்தைக் ‘கதிர்ப்பாவை’ எனலாம். ஆயினும் ஓர் எச்சரிக்கை தேவை. தமிழில் ‘கதிர்’ ஞாயிற்றின் ஒளியையும் குறிக்கும். தானிய இறைவனையும் ஞாயிற்றையும் ஒன்றாகக் காணும் சடங்குப் பகுதிகளில் இவ்விருபொருண்மை அழகாகப் பொருந்தும். மூலத்தில் இல்லாத சிலேடையை அவ்வழகு நுழைத்துவிடும். அத்தகைய இடங்களில் ‘தானியக் கதிர்’ என விரித்தெழுதுவதே நேர்மையானது.

கார்ன்வால், டெவன் பகுதிகளில் கடைசிப்பிடிக் கதிரை உயர்த்திப் பிடித்துக் கூவும் வழக்கம் இருந்தது. கார்ன்வாலில் 1928 முதல் அது மீட்டெடுக்கப்பட்டுள்ளது. அக்கதிர்ப்பிடியின் பெயர் ‘நெக்’. இதனைக் கழுத்து என மொழிபெயர்த்தால் உயிர்ப்பலி பற்றிய பொருந்தாக் கற்பனைக்கு இடமாகும். ஸ்காண்டிநேவிய மொழிகளில் கதிர்க்கட்டைக் குறிக்கும் சொல்லோடு இஃது உறவுடையதாகலாம் என்பர்.

கதிர்த்தெய்வம் பற்றிய கருத்தாக்கம் மான்ஹார்ட் 1868இல் எழுதிய ஜெர்மன் நூல் வழியாகவும், ஃபிரேசரின் ‘தங்கக் கிளை’ (முதற்பதிப்பு 1890) வழியாகவும் விக்கா நெறியை அடைந்தது. ஃபிரேசர் ஊகங்களை ஊகத்துக்குரிய வினைவடிவங்களில் எழுதுவது வழக்கம். அவருக்குப் பின்வந்த கையேடுகளோ அவற்றை உறுதிக்கூற்றுகளாக மாற்றிவிட்டன. தமிழாக்கத்தில் ‘இருந்திருக்கலாம்’ என்பது ‘இருந்தது’ எனச் சுருங்குமாயின் நாமும் அம்மாற்றத்திற்குத் துணைபோனவர் ஆவோம். ‘போலும்’, ‘என்பர்’, ‘எனக் கருதப்படுகிறது’ ஆகியன தமிழில் அழகுக்காக அமைந்தவை அல்ல. சான்றின் அளவைக் காட்டும் இலக்கணக் கருவிகள்.

5. நெறிக்கும் நெறியினர்க்கும் உரிய பெயர்கள்

‘விக்கா’ என்பது பழைய ஆங்கிலத்தில் மந்திரம் செய்யும் ஆண்மகனைக் குறித்த சொல். அதன் இரட்டை மெய் சகர ஒலியுடையது; இன்றைய ‘விட்ச்’ என்னும் சொல்லும் அதன் வழிவந்ததே. கார்ட்னர் 1954இல் எழுதிய நூலில் இச்சொல் ஒற்றை மெய்யோடு காணப்படுகிறது. இன்றைய ககர ஒலிப்பு, எழுத்தைப் பார்த்துப் பலுக்கியதால் நேர்ந்தது. ‘அறிஞர்’ என்பதே இதன் பொருள் என அந்நெறியினர் கூறுவது சொற்பிறப்பியலால் உறுதிப்படவில்லை. விழாவுக்குரிய பொதுச்சொல்லாகிய ‘சபத்’ என்பதோ யூதரின் ஓய்வுநாட் பெயர்; சூனியம் செய்தாரெனக் குற்றஞ்சாட்டப்பட்டோரின் இரவுக்கூட்டத்தைக் குறிக்க அவர்களைத் தண்டித்தோர் பயன்படுத்திய சொல். பழித்தோர் தந்த பெயரைப் பழிக்கப்பட்டோரின் வழித்தோன்றலாகத் தம்மைக் கருதுவோர் ஏற்றுக்கொண்டனர். பெயரீட்டு வரலாற்றில் இத்தகைய ஏற்பு பல மொழிகளிலும் காணப்படுவதே.

தமிழில் ‘விட்ச்’ என்பதற்குச் ‘சூனியக்காரி’ என எழுதுவது சிறுவர் கதைகளால் நிலைபெற்ற வழக்கு. இது மூன்று வகையில் பொருந்தாது. இந்நெறியில் ஆண்களும் உளர்; தமிழ்ச்சொல் பெண்பாலுக்கு மட்டும் உரியது. இந்நெறியினர் தம்மைத் தாமே இப்பெயரால் அழைக்கின்றனர். தமிழ்ச்சொல்லோ பிறர் சுமத்தும் பழி. மூன்றாவது காரணம் மொழியியலைக் கடந்தது. நம் நாட்டில் இச்சொல்லின் இணைச்சொற்களைச் சூட்டிப் பெண்களை அடித்தும் கொன்றும் வந்துள்ளனர். அதனைத் தடுக்கப் பீகார் 1999இலும் அசாம் 2015இலும் தனிச்சட்டங்களே இயற்ற நேர்ந்தது. இத்தகைய சூழலில், ரொட்டி சுட்டுப் பகிரும் ஒரு குழுவைச் ‘சூனியக்காரிகள்’ என அச்சிடுவது அக்குழுவுக்கும் தீங்கு; இங்கே அப்பழியைச் சுமக்கும் பெண்களின் துயரத்தை விளையாட்டுச் சொல்லாக்குவதனால் அவர்களுக்கும் தீங்கு. ‘விக்கா நெறியினர்’ என்பதே போதுமானது.

‘மறைநெறி’ என்னும் ஆக்கமும் தமிழில் மயக்கம் தரும். ‘மறை’ என்பது வேதத்தையும் விவிலியத்தையும் குறிப்பதால், கமுக்கம் என்னும் பொருள் பின்தள்ளப்படுகிறது. ‘மந்திரச் சடங்கு நெறி’ என விளக்கமாக எழுதுவது நலம்.

6. தமிழாக்க நெறிமுறைகள்

முதலாவதாக, அயலக விழாவுக்கு நம் விழாவின் பெயரை இடுதல் கூடாது. லாமஸைப் ‘பொங்கல்’ எனப் பெயர்த்தால் பொங்குதல் என்னும் செயலும், தை மாதமும், ஞாயிற்று வழிபாடும் அழையாமலே வந்து புகும். புத்துணவு உண்ணல் பல சமுதாயங்களுக்குப் பொதுவாயினும் பெயர்கள் பொதுவல்ல. ஒடியாவின் ‘நுவாகாய்’, வங்காளத்தின் ‘நவான்ன’, குடகின் ‘புத்தரி’ ஆகியவற்றை ஒன்றன் பெயரால் மற்றொன்றைச் சுட்ட நாம் உடன்படுவதில்லை. ஐரோப்பிய விழாக்களுக்கும் அம்மதிப்பு உரியது. பொதுப்பெயர் வேண்டுமிடத்து ‘முதற்கதிர் விழா’ எனலாம். முதல் விளைச்சலைக் குறிக்கும் ‘புதிர்’ என்னும் பழஞ்சொல் ஈழத்தில் இன்றும் வாழ்கிறது. தமிழகத்தில் அது விடுகதையையே நினைவூட்டுவதால் ‘கதிர்ப்புதிர்’ என அடைகொடுத்து வழங்கலாம்.

இரண்டாவதாக, ஒவ்வொரு பெயரையும் அதன் வரலாற்றுக்கு ஏற்ப நடத்துதல் வேண்டும். லாமஸை ஒலிபெயர்த்து, முதல்முறை வருமிடத்தில் ‘அப்பத் திருப்பலி நாள்’ என விளக்கலாம். தமிழ்க் கிறித்தவ வழக்கிலுள்ள ‘அப்பம்’, ‘திருப்பலி’ ஆகிய சொற்கள் பெயரின் திருச்சபைத் தோற்றத்தை உடனே உணர்த்திவிடும். லூனஸாவையும் சௌனையும் ஐரிஷ் ஒலிப்பின்படி எழுதுதல் தகும். கதைமாந்தனை வெல்ஷ் ஒலிப்பின்படி ‘மபோன்’ எனவும், விழாவை ஆங்கில ஒலிப்பின்படி ‘மேபன்’ எனவும் வேறுபடுத்தினால், இரண்டுக்கும் இடைப்பட்ட கால இடைவெளி எழுத்திலேயே தெரியும்.

மூன்றாவதாக, நாளையும் பருவத்தையும் பிரித்தறிதல் வேண்டும். ஆகஸ்ட் மாதம் ஆஸ்திரேலியாவில் குளிர்காலம். எனவே அங்குள்ள விக்கா நெறியினர் பலர் வட்டத்தைத் தலைகீழாக்கி லாமஸைப் பிப்ரவரித் தொடக்கத்தில் கொண்டாடுகின்றனர். ‘ஆகஸ்ட் விழா’ என மொழிபெயர்த்தவர் அங்குத் தடுமாற நேரும். இச்செய்தி வேறொன்றையும் உணர்த்துகிறது. அம்மக்கள் பழைய நாட்காட்டியைக் கைவிட்டு, தம் காலடி மண்ணில் கதிர் முற்றும் காலத்தைப் பின்பற்றுகின்றனர். பெயர்கள் கடன்பெற்றவையாயினும் பருவத்தின்பால் அவர்கள் கொண்ட ஈடுபாடு கடன்பெற்றதன்று.

7. முடிவுரை

விக்கா நெறியின் அறுவடை விழாப்பெயர்களுள் ஒன்று திருச்சபையினின்றும், இரண்டு ஐரிஷ் நாட்காட்டியினின்றும், ஒன்று 1974ஆம் ஆண்டின் தெரிவினின்றும் வந்தவை. விழாவைச் சுட்டும் பொதுச்சொல் பழித்தோர் வழக்கினின்று வந்தது. வட்டப்படம் இவ்வேற்றுமைகளை அழிக்கிறது. கவனமற்ற மொழிபெயர்ப்பு அவ்வழிவை நிறைவு செய்கிறது. பழந்தமிழ்ச் சொற்களைத் தேடிப்பெய்து எல்லாவற்றுக்கும் ஒரே தொன்மைச் சாயல் ஏற்றுவது தமிழ் மொழிபெயர்ப்பாளர்க்கு எளிது. நம் மொழியின் சொல்வளம் அதற்கு இடந்தரும். அவ்வெளிமையைத் தவிர்ப்பதே இங்கு வேண்டுவது. ஒரு பெயர் ஐம்பது ஆண்டு அகவை உடையதாயின் தமிழிலும் அது ஐம்பது ஆண்டுப் பெயராகவே தோன்றுதல் வேண்டும். விழாவைக் கொண்டாடுவோர்க்கும் அதனைப் பற்றிப் படிப்போர்க்கும் மொழிபெயர்ப்பாளர் ஒருசேரச் செய்யக்கூடிய நீதி அதுவேயாகும்.